குழிக்கும் ஒரு மூடுவிழா

போன மாதம் ஒரு பதிலில் 'கைவிடப்பட்ட கல்குவாரி' என்று இரண்டே வார்த்தை எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைக் கொட்டினால் அந்தக் குவாரியே நிரம்பிவிடும். ஆகவே இந்த இதழ் முழுக்கக் குழிக்கே. "ஊரைப் போடுங்கள், பெயரைப் போடாதீர்கள்" என்று பாதிப்பேர் கேட்டிருக்கிறீர்கள். காரணம் புரிகிறது. எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கே: சுரங்கம் ஓடும்போது ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். தோண்டி முடித்த பிறகு அந்தக் குழி யாருக்குச் சொந்தம்? — அரியலூர்

ப: கனிமம் இருக்கும்வரை குத்தகைதாரருக்கு. தீர்ந்ததும் கலெக்டர் ஆபீஸ் கோப்புக்கு. மழை பெய்து நிரம்பியதும் நீச்சல் தெரியாத பையன்களுக்கு. இது நடைமுறை. சட்டம் சொல்வது வேறு: பாதுகாப்பாக மூடி, மூடியதற்கு அதிகாரியிடம் சான்று வாங்கும்வரை பொறுப்பு குத்தகைதாரருடையது. "தோண்டி முடித்துவிட்டோம், கிளம்பிவிட்டோம்" என்று ஒரு பெருங்கனிமச் சுரங்கத்தைச் சட்டப்படி விட்டுவிட்டுப் போக முடியாது.

கே: மூடுவது என்றால் மண்ணைப் போட்டு நிரப்புவதா? — டால்மியாபுரம்

ப: எதைப் போட்டு? வெட்டிய சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆகி, நீங்கள் இதைப் படிக்கும் வீட்டின் கூரையாக நிற்கிறது. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. நிரப்புவது ஒரு வழி, அவ்வளவுதான். செங்குத்தாக நிற்கும் சுவரைப் படிப்படியாகச் சாய்த்து விடுவது, வெளியே கொட்டிய மண்மேட்டை நிலைப்படுத்துவது, மழைநீருக்கு வாய்க்கால் வெட்டுவது, வேலி போடுவது, எடுத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பிச் செடி வைப்பது, மிச்சக் குழியைக் குளமாக விடுவது, எல்லாம் சேர்ந்ததுதான் மூடல். சுருக்கமாக மூன்று கேள்வி: சரியுமா? கசியுமா? பிறகு யாருக்காவது பயன்படுமா? நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கே: இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா? — விருத்தாசலம்

ப: இருக்கிறது, கட்டுக்கட்டாக. சுண்ணாம்புக்கல், மேக்னசைட், பாக்சைட், இரும்பு போன்ற பெருங்கனிமங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள். தோண்டும்போதே ஐந்தாண்டுக்கு ஒருமுறை 'படிப்படியாக மூடும் திட்டம்' தர வேண்டும். கடையைக் கட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே 'இறுதி மூடல் திட்டம்' தர வேண்டும். இதையெல்லாம் பார்ப்பது நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியச் சுரங்கப் பணியகம். நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் 2009 முதல் தனி வழிகாட்டுதல். கருங்கல், கிராவல், கிரானைட் எல்லாம் 'சிறு கனிமம்' என்று மாநில அரசின் கையில். ஒரு மலையையே விழுங்கி ஏப்பம் விட்டாலும் சட்டத்தின் கண்ணில் கருங்கல் சிறுசுதான்.

கே: நாலாவது கேள்வி என்ன? சஸ்பென்ஸ் வேண்டாம். — சிவகாசி

ப: காசு எங்கே?

கே: மூடாமல் ஓடிவிட்டால் என்ன செய்வார்கள்? — ஆலங்குளம்

ப: அதற்காகத்தான் நிதிப் பிணை என்று ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். 2017 விதி வந்தபோது 'ஏ' வகைச் சுரங்கத்துக்கு (பெரியவை), தோண்டவும் கொட்டவும் பயன்படுத்தும் நிலத்தில் ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். 'பி' வகைக்கு (மற்றவை) 2 லட்சம். மொத்தத்தில் குறைந்தபட்சம் முறையே 10 லட்சம், 5 லட்சம். ஹெக்டேர் கணக்கை 2021-இல் 5 லட்சம், 3 லட்சம் என்று உயர்த்தினார்கள். ஒழுங்காக மூடினால் பிணை விடுவிக்கப்படும். மூடாவிட்டால் பிணை போய்விடும்.

கே: பழைய மூன்று லட்சத்தில் ஒரு ஹெக்டேரை மூட முடிந்திருக்குமா? — அதே ஆலங்குளம், அதே கையெழுத்து

ப: உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். குழி 30 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். 3 லட்சம் கன மீட்டர் காலியிடம். பழைய பிணை 3 லட்சம் ரூபாய். ஆக ஒரு கன மீட்டருக்கு ஒரு ரூபாய். டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்றால் 30,000 நடை. நடைக்குப் பத்து ரூபாய் வாடகை. இந்த ரேட்டுக்கு ஓட்டும் டிப்பர்காரர் யாராவது இருந்தால் எனக்கு உடனே எழுதவும், வீட்டில் அஸ்திவாரத்துக்கு மண் அடிக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் குழியையும் நிரப்பச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. பிணை என்பது முழுச் செலவும் அல்ல. ஆனால் பிணை, வேலையைவிட மலிவாக இருந்தால் எதை விட்டுக்கொடுப்பது லாபம் என்று கண்டுபிடிக்கச் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேவையில்லை.

கே: நிலக்கரிக்கும் இதே கதைதானா? — பரங்கிப்பேட்டை

ப: கொஞ்சம் தேவலாம். 2009 வழிகாட்டுதலில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று வைத்தார்கள். பிறகு உயர்த்தினார்கள். பணம் ஆண்டுதோறும் எஸ்க்ரோ கணக்கில் ஏற வேண்டும். தீபாவளிச் சீட்டு மாதிரிதான், ஒரு வித்தியாசம்: நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் தலையாட்டாமல் கம்பெனி அதில் கைவைக்க முடியாது. சீட்டு பிடித்தவரே ஊரை விட்டு ஓடும் கதைக்கு இதில் வழி குறைவு.

கே: பிணை குறைவாக வாங்கி ஏமாந்த நாடு நாம் மட்டும்தானா? — ஹோசூர்

ப: மனசுக்கு ஆறுதலாக ஒரு கதை. அமெரிக்காவின் கொலராடோவில் சம்மிட்வில் என்று ஒரு தங்கச் சுரங்கம். தாதுவைக் குவித்து மேலே சயனைடு கரைசலைத் தெளித்துத் தங்கத்தைக் கரைத்து எடுக்கும் முறை. கசிவு, ஆற்றில் கலப்பு. 1992 டிசம்பரில் கம்பெனி திவால் என்று கையை விரித்துவிட்டது. பம்புகளை நிறுத்தினால் விஷநீர் வழியும் என்ற நிலையில், நடுக்குளிர்காலத்தில் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை ஓடிப்போய் சுவிட்சைப் பிடித்துக்கொண்டது. கையிருப்புப் பிணை 50 லட்சம் டாலருக்கும் குறைவு. துப்புரவுச் செலவு 15 கோடி டாலரைத் தாண்டியது. மீதியில் பெரும்பகுதியைக் கட்டியது வரி கட்டுகிறவன். தங்கம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். தங்கம் எப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும்.

கே: அப்படியென்றால் யார்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? — ஈரோடு

ப: அதே அமெரிக்காவில், நிலக்கரிக்கு. 1977 ஆகஸ்ட் 3 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். பிணையை ஒரேயடியாகத் திருப்பித் தருவதில்லை, மூன்று தவணை. குழியை நிரப்பி, நிலத்தைப் பழைய வாட்டத்துக்குக் கொண்டுவந்து, வடிகால் அமைத்தால் 60 சதவீதம் வரை. செடி வேர் பிடித்தால் அடுத்த பங்கு. கடைசிப் பங்குக்குக் காத்திருக்க வேண்டும்: மழை உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு, வறண்ட இடத்தில் பத்து ஆண்டு. அதுவரை செடி உயிரோடு இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இது. பிணையைத் திரும்பக் கேட்கும்போது உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒருமுறை வீதம் நாலு வாரம் விளம்பரம் கொடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் "எங்கள் கிணற்றை முதலில் பாருங்கள்" என்று ஆட்சேபிக்கலாம். நம் ஊரில் நிலம் விற்றால் 'வில்லங்கம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று வக்கீல் நோட்டீஸ் வருகிறதல்லவா, அதேதான். ஒரு சென்ட் வீட்டுமனைக்கு உள்ள மரியாதை நூறு ஏக்கர் குழிக்கும் வேண்டாமா?

கே: கே.ஜி.எஃப். படம் பார்த்தீர்களா? — ஆம்பூர்

ப: இரண்டு பாகம் வந்துவிட்டது. சுரங்கத்தை மூடும் பாகத்தை யாரும் எடுக்கவில்லை.

கே: நான் படத்தைக் கேட்கவில்லை. என் தாத்தா வேலை பார்த்த கோலார் தங்கவயலைக் கேட்கிறேன். அங்கே எப்படி மூடினார்கள்? — குடியாத்தம்

ப: மன்னிக்கவும். வட ஆற்காட்டிலிருந்து உங்கள் தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கானோர் போய் இறங்கிய இடம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கீழே போனது. அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று கதவைச் சாத்தியது.

தேதியைக் கவனியுங்கள். பெருங்கனிமச் சுரங்கத்துக்கு மூடல் திட்டம் கட்டாயம் என்ற விதி வந்தது 2003 ஏப்ரலில். சட்டம் ஊருக்குள் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே பந்தல் பிரித்தாகிவிட்டது. மிச்சம், 13 மண்மேடுகள், சுமார் 3.3 கோடி டன். தாதுவை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண். ஊர்க்காரர்கள் சயனைடு மலை என்கிறார்கள். சயனைடு பெரும்பாலும் வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். போகாமல் நிற்பது மாவு மாதிரி சிலிக்காத் தூள். காற்றுக் காலத்தில் கொடியில் வெள்ளை வேட்டி காயப் போட்டவர்களுக்கு அது தெரியும். துணியில் படிந்தால் உதறிவிடலாம், நுரையீரலை யார் உதறுவது? சரியுமா, கசியுமா என்று கேட்டோமே. தங்கவயலுக்கு இன்னொரு கேள்வி, பறக்குமா?

கே: சுரங்கத்தை மூடிய பிறகு பம்பை நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? கரண்ட் பில் மிச்சம்தானே? — சேலம்

ப: அமெரிக்காவின் மொன்டானாவில் பியூட் நகரத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். பெர்க்லி குழி, பெரிய செம்புச் சுரங்கம். 1982 ஏப்ரல் 22 அன்று அடி பம்புகளை நிறுத்தினார்கள். அன்று என்ன நாள் தெரியுமா? உலக பூமி தினம். பூமியும் வாழ்த்துச் சொல்லத் தண்ணீரை அனுப்பியது. பாறையில் இருக்கும் கந்தகக் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகும். அமிலம் பாறையிலிருந்து செம்பையும் ஆர்சனிக்கையும் கரைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த ஏரி ஒன்று தயார்.

1995 நவம்பரில் வலசை போன பனி வாத்துகள் இளைப்பாற அதில் இறங்கின. 342 செத்து மிதந்தன. அன்று முதல் பறவை இறங்காமல் விரட்ட ஆள் போட்டுத் துப்பாக்கிச் சத்தம் எழுப்புகிறார்கள். 2019 முதல் குழி நீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள், நீர்மட்டம் ஒரு கோட்டைத் தாண்டாமல் இருக்க. இது எத்தனை தலைமுறைக்கும் முடியாத வேலை. அந்தக் கரண்ட் பில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. குழியை எட்டிப் பார்க்க டூரிஸ்டுகளுக்கு டிக்கெட்டும் உண்டு.

கே: தனியார் என்றால் தப்பு செய்வார்கள். அரசே இறங்கிச் செய்தால் நன்றாக இருக்குமே? — காரைக்குடி

ப: 2015 ஆகஸ்ட் 5. மறுபடியும் கொலராடோ. கோல்டு கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயைப் பரிசோதிக்க மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் ஆட்கள் போனார்கள். தோண்டிய இடத்தில் அடைப்பு உடைந்தது. உள்ளே தேங்கியிருந்த 30 லட்சம் காலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் அனிமாஸ் ஆற்றில் பாய்ந்து, ஆறு கடுகுச் சாந்து நிறத்துக்கு மாறியது. மருந்து கொடுக்கப் போன டாக்டரே ஊசியை மாற்றிக் குத்திய கதை. பாடம்: அடைத்த சுரங்கத்துக்குள் எவ்வளவு தண்ணீர், எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்று அளக்காமல் கதவைத் தட்டக் கூடாது. யார் தட்டினாலும்.

கே: குழியையே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் பயமுறுத்துவது மேடு. — மேலூர்

ப: சரியான உதை. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற சுரங்க ஊர். மேலே மலைச்சரிவில் நிலக்கரிக் கழிவை மேடு மேடாகக் கொட்டினார்கள். ஏழாவது மேட்டுக்கு அடியில் ஊற்று. 1966 அக்டோபர் 21 காலை, பள்ளிக்கூடம் தொடங்கிய நேரம், மேடு சேறாகி இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். சுரங்கத்தின் உள்ளே நடப்பதற்கு ஆயிரம் விதி இருந்தது. வெளியே கொட்டும் மேட்டுக்கு விதி இல்லை. 1969-இல்தான் தனிச்சட்டம் வந்தது.

அடுத்தது இன்னும் கசப்பு. ஊருக்கு மேலே மிச்சம் நின்ற மேடுகளை அகற்ற, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். 1997-இல் அதே தொகையை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். சரியான ஈடு என்று வேல்ஸ் அரசு தந்தது 2007-இல். 'காசு எங்கே' என்பதை முதலில் கேட்காவிட்டால் கடைசியில் யாரிடம் கேட்பார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கே: நெய்வேலியிலும் ஒருநாள் பழுப்பு நிலக்கரி தீரும். அப்புறம்? — வடலூர்

ப: தண்ணீர் வரும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே யந்திரம் நிற்க முடியும். தோண்டிய பின்பக்கத்தை, நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டியெடுத்த மண்ணால் நிரப்பிக்கொண்டே போகிறார்கள், மரமும் வைக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஒரு குழி மிஞ்சியே தீரும். எடுத்த நிலக்கரி அளவுக்கு மண் குறையுமல்லவா?

கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதிக்கு அந்தக் கடைசி நாள் முன்பே வந்தது. இரு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு பழுப்பு நிலக்கரிக் குழிகள் வரிசையாக மூடப்பட்டன. அரசே ஒரு கம்பெனி வைத்துக் குழிகளை ஏரிகளாக்குகிறது. பழைய கிழக்கு ஜெர்மனி முழுக்க இப்படிப்பட்ட சுரங்கச் சீரமைப்புக்கு இதுவரை ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல். படகு, சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. அதே நேரம், நாஹ்டர்ஸ்டெட் என்ற இன்னோர் ஊரில் 2009 ஜூலை 18 அன்று, நீர் ஏறிக்கொண்டிருந்த பழைய குழியின் கரை வீடுகளோடு சரிந்து மூன்று பேர் போனார்கள். தளர்வான மண்ணில் நீர் ஏறினால் மண்ணே திரவம் மாதிரி ஓடும். ஏரி அழகாக இருக்கிறது என்பது, கரை உறுதியாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல.

கே: எங்கள் பக்கத்தில் 'சீரமைத்துவிட்டோம்' என்று தைலமரம் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போதுமா? — ஜெயங்கொண்டம்

ப: போட்டோவுக்குப் போதும். மண்ணுக்கு மேல்மண் வேண்டும். தோண்டத் தொடங்கிய முதல் நாள் வழித்தெடுத்த அந்த ஒரு அடிக் கறுப்பு மண்ணில்தான் விதை, பூஞ்சை, மண்புழு, ஊரின் ஞாபகம் எல்லாம் இருக்கிறது. அதைத் தனியாக, உயரம் குறைவாகக் குவித்து, மேலே கொழிஞ்சி, சணப்பு மாதிரி எதையாவது விதைத்து, சீக்கிரம் திருப்பிப் பரப்ப வேண்டும். மலையாகக் குவித்து வருஷக்கணக்கில் போட்டால் உள்ளே காற்றுப் போகாது. குவியலின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்வாசனை வந்தால் உயிர் இருக்கிறது. சாக்கடைச் சேற்று வாடை வந்தால் போட்டோ எடுக்கலாம்.

கே: சுப்ரீம் கோர்ட்டே புல் வளர்க்கச் சொன்னதாமே, நிஜமா? — திண்டுக்கல்

ப: நிஜம். 2020 ஜனவரி 8. தோண்டி முடித்த நிலத்தில் கால்நடைக்கு உதவும்படி மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்கச் சொன்னது. மாட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் நீதிமன்றம் போட்டது.

கே: குவாரித் தண்ணீரைக் குடிக்கலாமா? — பூந்தமல்லி

ப: நீங்கள் ஏற்கெனவே குடித்திருக்கலாம். 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து தண்ணீரை இறைத்து, சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019-லும் அதே குவாரிகள் கைகொடுத்தன. கருங்கல் குழியில் அமிலம் ஊறாது. அது சென்னைக்கு அதிர்ஷ்டம். ஆனால் 'சோதித்து' என்ற வார்த்தையை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

கே: எங்கள் பாறைக்குழியில் ஊர்க்குப்பையைக் கொட்டுகிறார்கள். குழியும் மூடும், குப்பையும் தீரும் என்கிறார்கள். — திருப்பூர்

ப: ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு. மாங்காய் விழுவது பக்கத்துக் கிணற்றில். பாறைக்குழிக்கு அடியில் விரிசல் இருக்கும். குப்பையில் ஊறும் கறுப்புத் தண்ணீர் அந்த வழியே போர்வெல்லுக்கு வந்து சேரும். அடியில் தடுப்பு விரிப்பு, கசிவுநீர் எடுக்கும் குழாய், சுற்றிலும் சோதனைக் கிணறு இல்லாமல் கொட்டினால் அதற்குப் பெயர் சீரமைப்பு அல்ல, ஒளித்து வைப்பது.

கே: அனல் மின்நிலையச் சாம்பலைப் போட்டு நிரப்பலாமா? — எண்ணூர்

ப: விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் சாம்பலில் ஆர்சனிக், போரான் போன்றவை கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். குழி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி. தேயிலையை டப்பாவில் வைத்தால் தூள். தண்ணீரில் போட்டால் டீ.

கே: குழிக்கு வேலி போட்டிருக்கிறோம், பலகை வைத்திருக்கிறோம் என்கிறார்களே? — நாமக்கல்

ப: எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழைய கல்குவாரி. போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு கல்தூண், ஒற்றை முள்கம்பி. கம்பியில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். 'ஆழமான பகுதி' என்ற பலகையில் பெயின்ட் உதிர்ந்து 'ஆ' மட்டும் நிற்கிறது. எச்சரிக்கைக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள் போல.

குளத்தில் இறங்கினால் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று தண்ணீரே உங்களை எச்சரிக்கும். குவாரியில் முதல் அடி பாறை, அடுத்த அடி நாற்பது அடி. அதனால்தான் மூடும்போது ஒரு பக்கமாவது சாய்வாக வெட்டி, ஏறி வர வழி விட வேண்டும். வேலி வெளியே இருப்பவனுக்கு; சாய்வு உள்ளே விழுந்தவனுக்கு.

கே: ஒரு குழியை மூட எத்தனை அதிகாரிகள்? — தஞ்சாவூர்

ப: எண்ணுங்கள். சுரங்கப் பணியகம் அல்லது கனிமவளத்துறை, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், மாசு கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, நீர்வளத்துறை, கலெக்டர். இதில் யாரும் கெட்டவர்கள் அல்ல. கவலை வேறு வேறு. பாதுகாப்புக்காரர் "சரிவைக் குறை" என்பார். குறைத்தால் விளிம்பு பக்கத்துப் பட்டாவுக்குள் போகும். வனத்துறைக்காரர் "விளிம்பில் மரம் வை" என்பார். மரத்துக்கு ஊற்றும் தண்ணீர் சரிவை ஊறவைக்கும். வாரியத்துக்காரர் "குழிநீரை வெளியே விடாதே" என்பார். விவசாயி "அந்தத் தண்ணீரைத்தானே கேட்கிறேன்" என்பார்.

பத்துக் கடிதத்தில் தீராத இது, எல்லோரும் ஒரே நாளில் குழி விளிம்பில் நின்று, ஒரே வரைபடத்தைப் பார்த்தால் பாதி தீரும். கூட்டு ஆய்வு, யாருடைய ஆட்சேபம் எந்தச் சர்வே எண்ணில், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது, சரியானதா என்று எதை அளந்து பார்ப்பது. இந்த நாலு பத்தியும் உள்ள ஒரு தாள் போதும். 'சுற்றுச்சூழல் பாதிக்கப்படுகிறது' என்று மனு எழுதினால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். 'வடகிழக்கு மூலையில் 40 அடிக்கு வேலி இல்லை' என்று எழுதினால் யாராவது டேப்போடு வந்துதான் ஆக வேண்டும்.

கே: நான் சின்ன குவாரிக்காரன். எல்லோரும் எங்களையே திட்டினால் வீடு எப்படிக் கட்டுவீர்கள்? — கரூர்

ப: நியாயம். ஜல்லி இல்லாமல் இந்தப் பத்திரிகை ஆபீஸும் இல்லை. உங்களுக்கு ஒரு வியாபார யோசனை. பொக்லைன் இடத்தில் நிற்கும்போதே, வெட்டி முடித்த பக்கத்தை அன்றன்றே சரிவாக்கி மண் போடுங்கள். அதே டீசல், அதே டிரைவர். எல்லாம் முடிந்து வண்டியை விற்ற பிறகு, வாடகைக்கு எடுத்துச் செய்தால்தான் கண்ணைக் கட்டும். சமைக்கும்போதே பாத்திரம் கழுவுகிறவர் வீட்டில் ராத்திரி சண்டை வருவதில்லை. ஐந்து ஹெக்டேருக்குக் கீழே உள்ள குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2012-இலேயே சொல்லிவிட்டது. 'சின்னது' என்பது இனி சாக்கு அல்ல.

கே: மூடிய சுரங்கம் அழகாக மாறிய இடம் ஒன்றாவது உண்டா? — ஊட்டி

ப: ஒன்றுக்கு இரண்டு. கனடாவின் வான்கூவர் தீவில் சுண்ணாம்புக்கல் தீர்ந்த குழியில் முதலாளியின் மனைவி ஜென்னி புட்சார்ட் தோட்டம் போட்டார். நூறு ஆண்டு தாண்டியும் கூட்டம் குறையவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் சீனக்களிமண் வெட்டிய குழியில் ராட்சதக் குமிழ்க் கூடாரங்களுக்குள் மழைக்காடே வளர்த்து 2001-இல் திறந்தார்கள். ஈடன் திட்டம் என்று பெயர். இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் குழியைத் தன் குழி என்று நினைத்தார். ரகசியம் அதுதான்.

கே: இதெல்லாம் படித்துத் தலை சுற்றுகிறது. சாதாரண ஆள் நான் என்ன செய்ய முடியும்? — புதுக்கோட்டை

ப: மூன்று தேதி, ஒரு தாள்.

பெருங்கனிமச் சுரங்கம் என்றால் அந்த ஆண்டு என்னென்ன சீரமைத்தோம் என்ற அறிக்கையைக் குத்தகைதாரர் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-க்கு முன் கொடுத்தாக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய சுரங்கமும் குவாரியும் நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை தர வேண்டும். 2006 அறிவிக்கையின்படி இந்த இரண்டாவது அறிக்கை பொது ஆவணம். விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் தர வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; 30 நாளில் பதில்.

நகலை வாங்கிக்கொண்டு குழி விளிம்புக்குப் போங்கள். தாளில் 'வேலி போடப்பட்டது' என்று இருக்கும் இடத்தில் வேலி இருக்கிறதா பாருங்கள். 'மரம் நடப்பட்டது' என்ற இடத்தில் எண்ணுங்கள். பிணை எவ்வளவு, எந்தத் தேதிவரை செல்லும் என்று கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் சர்வே எண்ணோடு எழுதுங்கள், கலெக்டருக்கு ஒரு நகல் போடுங்கள். தோண்ட வந்தவர் ஒருநாள் போய்விடுவார். அதிகாரி மாற்றலாகிவிடுவார். குழியும் நீங்களும்தான் அதே ஊரில் இருக்கப் போகிறீர்கள்.

தகவல் உரிமை விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்.